அங்காடித் தெருவும் ஊர்ப் பதிவேடும்

புகார் நகரின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் பற்றி நாம் பள்ளிப் பருவத்திலேயே படித்திருக்கிறோம். மதுரையில் பொன் விற்போர்க்கு ஒரு வீதியும், அறுவை விற்போர்க்கு ஒரு வீதியும், கூலம் விற்போர்க்கு ஒரு வீதியும் இருந்தனவென்று சிலப்பதிகாரம் கூறுகிறது. கள் விற்ற மனையின் வாயிலில் கொடி பறந்ததைப் பட்டினப்பாலை சொல்லுகிறது. கடைக்குப் பெயர்ப்பலகை வைக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று என்பதற்கு அதுவே சான்று. ஆனால் அந்தக் கடைகளுள் ஒன்றன் தூணாவது, திண்ணையாவது இன்று எஞ்சி நிற்கிறதா? இல்லை. கோயில்கள் நிற்கின்றன. கோயிலுக்கு நிலம் இருந்தது; நிவந்தம் இருந்தது; அதைக் காத்தவர் அடி தலைமேலது என்று கல்வெட்டில் எழுதி வைக்க அரசரும் இருந்தனர். கடைக்கு வாணிகம் ஒன்றே துணை. வாணிகம் நலிந்தபோது கடை சரிந்தது; வாணிகம் செழித்தபோதோ, இருந்த கடையை இடித்துவிட்டு அதனினும் பெரிய கடையைக் கட்டினார்கள். வறுமையும் கடைக்குப் பகை. செல்வமும் கடைக்குப் பகை.

இக்காலத்தில் பழங்கட்டடங்களைக் காக்கச் சட்டங்கள் இல்லாமல் இல்லை. 1904-இல் ஆங்கிலேய அரசும், 1958-இல் சுதந்திர இந்திய அரசும் தொன்மைச் சின்னங்களுக்கெனச் சட்டம் இயற்றின. குகைகளும் கோட்டைகளும் கல்லறைகளும் அவற்றால் காவல் பெற்றன. ஆனால் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு சின்னம் குறைந்தது நூறாண்டுப் பழமை உடையதாக இருத்தல் வேண்டும். தேசிய முக்கியத்துவமும் பெற்றிருத்தல் வேண்டும். கீழே புத்தகக் கடையும் மேலே வக்கீல் அலுவலகமும் அதற்கு மேலே இரண்டு குடித்தனங்களுமாக நடமாடிக்கொண்டிருக்கும் ஒரு கட்டடத்தை அந்தச் சட்டத்தின் கண் பார்ப்பதில்லை; பார்க்கவும் வேண்டியதில்லை. கடைக்காரனை வெளியேற்றிவிட்டு வாயிலில் காவற்காரனை நிறுத்தினால், காக்கப்படுவது கடையாக இராது. இத்தகைய கட்டடங்களை அந்தந்த ஊரின் ஆட்சி மன்றமே பதிவு செய்து, அவை இயங்கிக்கொண்டிருக்கும்போதே காக்க வேண்டும் என்னும் கருத்து நம் நாட்டில் மிகவும் பிந்தியே வேர்கொண்டது. அதனைச் சட்டமாக்கிய முதல் நகரங்களுள் ஒன்று, நாம் குடிபுகுந்து வாழும் இந்த மும்பை மாநகரமே.

அந்தச் சட்டத்தின் பயனையும் பயனின்மையையும் ஒருங்கே அறிய விரும்புவோர் கோட்டைப் பகுதியில் உள்ள தாதாபாய் நௌரோஜி சாலையில் ஒருமுறை நிதானமாக நடந்து பார்க்க வேண்டும். நம் சங்க அன்பர்களுள் பலர் நாள்தோறும் அவ்வழியே அலுவலகம் சென்றவர்கள். சிலர் இன்றும் செல்பவர்கள். ஆனால் ஒன்பதரை மணிக்கு ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டியவன் தலையை நிமிர்த்தி மாடங்களைப் பார்ப்பதில்லை.

பழைய பம்பாய்க் கோட்டையின் மதில்கள் ஆளுநர் பார்ட்டில் பிரியர் காலத்தில், 1860-களில், தகர்க்கப்பட்டன. அமெரிக்க உள்நாட்டுப் போரினால் இந்தியப் பருத்திக்கு வந்த உயர்ந்த விலை இந்நகரில் செல்வத்தைக் குவித்திருந்த காலம் அது. மதில் போன இடத்தில் அகன்ற சாலைகள் தோன்றின. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கே ஆளுநராக இருந்த ஹார்ன்பி என்பவரின் பெயரைத் தாங்கிய ஒரு குறுகிய தெருவும் அவ்வாறே அகலமாக்கப்பட்டது. வடகோடியில் 1869-இல் முடிவுற்ற கிராபர்டு மார்க்கெட், இடையில் 1888-இல் எழுந்த விக்டோரியா டெர்மினஸ், அதன் எதிரே 1893-இல் எழுந்த மாநகராட்சி மாளிகை, தென்கோடியில் புளோரா நீரூற்று. இவற்றை இணைக்கும் ஏறக்குறைய ஒரு மைல் நீளச் சாலையாக ஹார்ன்பி சாலை வளர்ந்தது. தாதாபாய் நௌரோஜியின் பெயர் பிற்காலத்தில் வந்தது.

இச்சாலையின் பெரிய கட்டடங்கள் பெரும்பாலும் 1885-க்கும் 1919-க்கும் இடையே எழுந்தவை. அவற்றைக் கட்டியவர் ஒருவரல்லர். பார்சிச் செல்வர், ஆங்கிலக் கம்பெனியார், இன்ஷூரன்ஸ் நிறுவனத்தார் எனப் பலர் தத்தம் விருப்பப்படி கட்டினர். ஒன்று கோதிக் பாணியில் கூரிய வளைவுகளோடு நிற்கிறது. அடுத்தது கிரேக்கத் தூண்களைத் தாங்குகிறது. அதற்கடுத்தது மொகலாயக் குவிமாடத்தை நினைவூட்டுகிறது. ஜே. என். பெட்டிட் நூலகமும் வாச்சா அக்கினிக் கோயிலும் இவற்றிடையே அமைந்துள்ளன. இத்தனை வேறுபாடு இருந்தும் சாலை முழுதும் ஒரே கட்டுக்கோப்பாகத் தோன்றுவது எதனால்? 1896-ஆம் ஆண்டின் அரசாங்க விதி ஒன்றினால். கட்டடம் எந்தப் பாணியில் இருந்தாலும், தரைத்தளத்தில் பாதசாரிகள் நடப்பதற்கு வளைவுகளோடு கூடிய தாழ்வாரம் ஒன்று விட்டே தீரவேண்டும் என்று அவ்விதி கட்டளையிட்டது. ஒருவர் விட்ட தாழ்வாரம் அடுத்தவர் விட்ட தாழ்வாரத்தோடு சேர்ந்தது. இடம் கட்டடத்துக்குச் சொந்தம். நடக்கும் உரிமை ஊருக்குச் சொந்தம். கடைகளோ அந்தத் தாழ்வாரத்தின் உட்புறத்தில் கண்ணாடி அலமாரிகளோடு விளங்கின. ஆனி, ஆடி மாதங்களில் இந்நகரில் கொட்டும் மழையை அறிந்தவர்கள் அந்த விதியை இயற்றியவரை வாழ்த்தாமல் இரார். நம் ஊர்ப் பெரிய வீடுகளின் முன்திண்ணை, வழிப்போக்கனுக்கும் உரியதாக இருந்ததை ஒருவாறு ஒக்கும் ஏற்பாடு இது.

இச்சாலையின் கடைகளுக்கும் தனித்தனி வரலாறு உண்டு. ஒன்றை மட்டும் குறிப்பிடுவேன். சீமைத் துணிகளுக்கும் சீமைப் பண்டங்களுக்கும் பெயர்பெற்ற ஒயிட்டவே லெய்ட்லா என்னும் ஆங்கிலேயப் பெருங்கடை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த ஒரு மாளிகையில் நடந்து வந்தது. 1946-இல் அதே மாளிகையில் கதர் விற்பனைக்கு வந்தது. மாளிகைக்குக் கதர் பண்டார் என்ற பெயரே நிலைத்துவிட்டது. மான்செஸ்டர் துணி அடுக்கியிருந்த இடத்தில் கைராட்டை நூலால் நெய்த துணி அடுக்கப்பட்டது. அந்தக் கட்டடத்தைச் சீமை ஆட்சியின் சின்னம் என்று சொல்வதா, சுதேசியத்தின் சின்னம் என்று சொல்வதா? இரண்டும் அதற்குப் பொருந்தும். கட்டடங்களை அவற்றைக் கட்டியவனின் பெயரால் மட்டும் மதிப்பிடுவோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

நாடு விடுதலை பெற்றபின் சாலையின் தோற்றம் மெல்ல மெல்ல மங்கியது. பெரிய கடைகள் பல சிறு கடைகளாகப் பிரிந்தன. ஒவ்வொரு சிறு கடையும் அடுத்த கடையினும் பெரிய பலகை வைக்க முயன்றது. வளைவுகளை மறைத்துத் தகரப் பலகைகள் எழுந்தன; சாளரங்களில் குளிர்சாதனப் பெட்டிகள் பிதுங்கின; மலாட் கல்லின் மேல் எண்ணெய்ச் சாயம் பூசப்பட்டது. தாழ்வாரத்துக்குள் தெருக்கடைகள் நுழைந்தன. யாரும் எதையும் இடிக்கவில்லை. ஆயினும் கட்டடம் கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று.

இந்நிலையில்தான் 1995-இல் மராட்டிய மாநில அரசு பெரும்பம்பாய்க்கான பாரம்பரியக் கட்டட விதிகளை வெளியிட்டது. 1991-ஆம் ஆண்டின் நகர வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளுள் 67-ஆவது விதியாக அது சேர்க்கப்பட்டது. அறுநூறுக்கு மேற்பட்ட கட்டடங்களும் வட்டாரங்களும் அதனோடு இணைந்த பட்டியலில் இடம்பெற்றன. அவற்றைத் தரம் பிரித்தார்கள். நாட்டின் வரலாற்றிலேயே சிறப்புடையவை முதல் தரம். அவற்றில் இன்றியமையாத மராமத்துக்கு மட்டுமே இடமுண்டு. வட்டாரச் சிறப்புடையவை இரண்டாம் தரம். அதிலும் அ, ஆ என இரு பிரிவு. உட்புறத்தை இன்றைய தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம், முகப்பைக் கெடுத்தல் கூடாது என்பது இதன் சாரம். தெருவின் அழகுக்குத் துணைசெய்பவை மூன்றாம் தரம்; அவற்றில் மாற்றத்துக்கும், வேண்டுமானால் மறுகட்டுமானத்துக்கும்கூட வழி விடப்பட்டது. எந்த மாற்றமானாலும் பாரம்பரியப் பாதுகாப்புக் கமிட்டியின் கருத்தைக் கேட்டு மாநகராட்சி ஆணையர் அனுமதி தரவேண்டும். பதிவினால் கட்டும் உரிமையை இழக்கும் சொந்தக்காரர், அந்த உரிமையை வேறோர் இடத்துக்கு மாற்றி விற்றுக்கொள்ளவும் விதி இடமளித்தது. கிராபர்டு மார்க்கெட் முதல் தரத்தில் சேர்ந்தது. அதன் முகப்பில் லாக்வுட் கிப்ளிங் வடித்த சிற்பங்கள் உள்ளன. அதனைப் பெருவணிக வளாகமாக்கும் திட்டங்கள் பின்னாளில் எழுந்தபோது, காப்போர் கையில் இருந்த ஆயுதம் இந்தப் பதிவுதான்.

ஆனால் பதிவேட்டில் எழுதிவிட்டதனால் மட்டும் தாதாபாய் நௌரோஜி சாலையின் பலகைகள் இறங்கிவிடவில்லை. 1990-களின் இறுதியில் கட்டடக் கலைஞர் ஆபா நாராயண் லாம்பா என்பவர், பெருநகர வட்டாரப் பாரம்பரியச் சங்கம் அளித்த சிறு உதவித்தொகையைக் கொண்டு, சாலையின் கட்டடங்களை ஒவ்வொன்றாக அளந்து ஆராய்ந்தார். எந்தக் கட்டடத்தில் பலகை எங்கே இருக்கலாம், எவ்வளவு உயரம் இருக்கலாம் என்று வரைந்து ஒரு வழிகாட்டி நூல் தயாரானது. வளைவின் வளையத்துக்குள் பலகை அடங்க வேண்டும். தூணை மறைக்கக் கூடாது. கல்லில் செதுக்கிய வேலைப்பாட்டின்மேல் ஆணி அடிக்கக் கூடாது. இவ்வளவுதான் அதன் சாரம். மாநகராட்சியும் துணை நின்றது.

கடைக்காரர்கள் உடனே இசைந்தார்களா? இசையவில்லை. பலகையைச் சுருக்கினால் வியாபாரம் சுருங்கும் என்று அஞ்சினர். அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாடுதல் தகாது; வாடகையும் சம்பளமும் மாதந்தோறும் கொடுக்க வேண்டியவன் அப்படித்தான் எண்ணுவான். அண்டைக் கடையின் பலகை பெரிதாக இருக்கும்வரை தன் பலகையைச் சிறிதாக்க யாருக்கும் மனம் வராது. எல்லோரும் ஒருங்கே சிறிதாக்கினால் எவருக்கும் நட்டமில்லை என்பதை அவர்கள் கண்டுகொண்டபோதுதான் காரியம் கைகூடியது. கடைக்காரர்கள் தம் செலவிலேயே பலகைகளை மாற்றிக்கொண்டனர். கடைக்காரரும் குடியிருப்போரும் சேர்ந்து ‘ஹெரிடேஜ் மைல்’ என்னும் பெயரில் ஒரு சங்கம் அமைத்தனர். நடைபாதை, விளக்குத்தூண், இருக்கை முதலியவை பின்னர் வந்தன. 2004-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதுகளில் இந்தச் சாலைத் திட்டம் சிறப்புக் குறிப்பைப் பெற்றது. பரிசைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று: சட்டம் கையில் இருந்தும் அதை ஓங்கி அடிக்காமல், பேசிப் பேசியே இணங்கச் செய்தார்கள் என்பது.

இனி மறுபுறத்தையும் சொல்லியாக வேண்டும். காலா கோடாவில் வாட்சன் ஹோட்டல் என்று ஒன்று இருந்தது. துணி வணிகரான ஜான் வாட்சன் என்பவருக்காக ரோலண்ட் ஆர்டிஷ் என்னும் பொறியாளர் வகுத்த கட்டடம் அது. இரும்புத் தூண்களும் உத்தரங்களும் இங்கிலாந்தில் வார்க்கப்பட்டு, கப்பலில் வந்து, 1860-களின் இறுதியில் இங்கே பூட்டப்பட்டன. 1896 ஜூலை 7-ஆம் நாள் லூமியேர் சகோதரர்களின் சலனப் படங்கள் இந்தியாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டது அக்கட்டடத்தில்தான். அதே ஆண்டில் மார்க் ட்வெய்ன் அங்கே தங்கினார். ஹோட்டல் மூடியபின் அது எஸ்பிளனேடு மாளிகை என்று பெயர் பெற்று, அறை அறையாகத் துண்டுபட்டு, கீழே கடைகளும் மேலே வக்கீல்களின் அறைகளுமாக மாறிற்று. 1995-ஆம் ஆண்டுப் பட்டியலில் அது இரண்டாம் தரத்தின் முதற்பிரிவில் இடம்பெற்றது. பத்தாண்டு கழித்து, 2005-இல், அதன் ஒரு பகுதி சரிந்து ஓர் உயிரைப் பலிகொண்டது. உலகில் அழிவை எதிர்நோக்கும் நூறு சின்னங்களின் 2006-ஆம் ஆண்டுப் பட்டியலில் அதன் பெயர் ஏறியது. 2019-இல் நீதிமன்ற ஆணையின்பேரில் குடியிருந்தோர் வெளியேற்றப்பட்டனர். பதிவேட்டில் எழுதிய எழுத்து இரும்புத் தூணின் துருவைத் தடுக்கவில்லை.

ஏன் இப்படி ஆயிற்று? காரணம் பாரம்பரிய விதியில் இல்லை. வாடகைச் சட்டத்தில் இருக்கிறது. 1947-ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1940 செப்டம்பரில் இருந்த வாடகையையே அடிப்படையாகக் கொண்டு வாடகைகளை நிறுத்தி வைத்தது. யுத்தத்துக்குப் பிந்திய நெருக்கடியில் அது ஏழைகளுக்கும் நடுத்தரக் குடும்பங்களுக்கும் பெருந்துணை செய்தது. நம் மூத்த தலைமுறையினர் இந்நகரில் காலூன்ற முடிந்ததும் பெரிதும் அதனால்தான். ஆனால் ஐம்பதாண்டு கழிந்த பின்னும் அந்த வாடகையே தொடர்ந்தபோது, கூரை ஒழுகினால் ஓடு மாற்றுவதற்கும் சொந்தக்காரர் கைக்குப் பணம் வரவில்லை. வரவில்லை என்று சொல்லிக்கொள்ளவும் அவருக்கு வசதியாயிற்று. கடையைக் கைமாற்றும்போது கொடுக்கும் ‘பகடி’ப் பணமோ சுவருக்குப் போகாமல் பைக்குள் போயிற்று. பகடி என்றால் இவ்வூரார்க்குத் தலைப்பாகை. நம் மொழியில் பரிகாசம். கட்டடத்தின் பக்கம் நின்று பார்த்தால் நம் மொழியின் பொருளே பொருத்தம் போலும்! 1969-இல் மராமத்து வாரியச் சட்டம் வந்தது. பழங்கட்டடங்களிடம் செஸ்வரி வாங்கி, அவற்றைப் பழுதுபார்க்க ஏற்பாடு செய்தது. கட்டடங்களோ பல்லாயிரம். 1999-ஆம் ஆண்டின் புதிய வாடகைச் சட்டம் பெரிய நிறுவனங்களுக்கும் வங்கிகளுக்கும் இருந்த பாதுகாப்பை நீக்கியது. சிறு கடைகளின் நிலையில் பெருமாறுதல் இல்லை.

இன்னொரு குறையும் உண்டு. பதிவேடு சுவரைக் காக்கலாம். தொழிலைக் காக்க அதற்கு அதிகாரமில்லை. காலா கோடாவில் பல தலைமுறைகளுக்கு இசைத்தட்டு விற்ற ரிதம் ஹவுஸ் 2016-இல் மூடப்பட்டது. 1948-இல் தொடங்கி, கோட்டைப் பகுதியில் நடந்து, புத்தகம் வாங்கப் பணமில்லாத மாணவனையும் நின்று படிக்க விட்ட ஸ்டிராண்ட் புத்தகக் கடை 2018-இல் மூடப்பட்டது. இசைத்தட்டு வாங்குவார் இல்லை; புத்தகத்தைக் கடைக்குச் சென்று வாங்குவார் குறைந்தனர். எந்த விதியும் இதற்கு மருந்தாகாது. ஆனால் கட்டடம் நின்றால் மற்றொரு கடை அங்கே வரும். கதர் பண்டார் வந்ததைப் போல.

இவையெல்லாம் கோட்டைப் பகுதியின் கதை, நமக்கென்ன என்று அன்பர்கள் கேட்கலாம். 1896-இல் பிளேக் நோய் இந்நகரைச் சூறையாடியபின், 1898-இல் அமைந்த நகர அபிவிருத்தி டிரஸ்ட் வகுத்த திட்டங்களால் உருவானவையே தாதர், மாட்டுங்கா முதலிய பகுதிகள். அகன்ற சாலைகள், வட்டப் பூங்காக்கள், மூன்று நான்கு மாடிகளுக்கு மேற்போகாத வீடுகள், தெரு முனைகளில் கீழ்த்தளக் கடைகள் என்பது அவற்றின் அமைப்பு. ரயில்வேயிலும் கம்பெனிகளிலும் வேலைக்கு வந்த நம்மவர் அங்கே குடியேறினர். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. அதே ஆண்டில் கிங்ஸ் சர்க்கிளில் கூலர் அண்டு கம்பெனி என்னும் இரானிக் கடை திறந்தது. 1940-இல் கபே மெட்ராசும் 1942-இல் ராமநாயக் உடுப்பி உணவகமும் தொடங்கின. இரானியர், கன்னடியர், தமிழர், குஜராத்தியர் ஆகியோரின் கடைகள் ஒரே வட்டத்தைச் சுற்றி அமைந்த காட்சி வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காது. முருங்கைக்காயும் வாழையிலையும் கட்டுப் பூவும் காப்பித் தூளும் விற்கும் சிறு கடைகளின் முன்னே, இரண்டு மூன்று படி உயரத்தில், இவ்வூரார் ‘ஓட்லா’ என்று சொல்லும் ஒரு திண்ணை இருக்கும். வாங்க வந்தவர் அமர்ந்து ஊர்ச் செய்தி பேசுவதும், வரன் விசாரிப்பதும் அதன்மேல்தான்.

2012-இல் மாநகராட்சி, பாரம்பரியப் பட்டியலில் மேலும் 868 பெயர்களைச் சேர்க்க எண்ணி அறிவிப்பு வெளியிட்டது. சிவாஜி பூங்கா, தாதர் முதலிய இடங்களில் குடியிருப்போரே அதனை வன்மையாக எதிர்த்தனர். அவர்கள் அழகை வெறுப்பவர்கள் அல்லர். தங்கள் வீடு பட்டியலில் ஏறினால் மறுகட்டுமானம் நின்றுபோகும், மின்தூக்கி இல்லாத மூன்றாம் மாடியிலேயே முதுமை கழியும் என்பது அவர்கள் கவலை. முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறும் ஒருவரிடம், உங்கள் கைப்பிடிச் சுவர் கலைச்செல்வம் என்று சொன்னால் அவர் என்ன விடை கூறுவார்? ஆதலின் தனி வீடுகளைச் சிறைப்பிடிப்பதுபோல் பதிவு செய்வதை நான் ஆதரிப்பவன் அல்லன். தெருவைப் பதிவு செய்ய வேண்டும். அதிலும் கடைகள் அமைந்த கீழ்த்தளத்தையும் முகப்பையும் சிறப்பாகக் கருத வேண்டும். உள்ளே மின்தூக்கி அமைக்கவும் குளியலறை சேர்க்கவும் தடை இருத்தல் கூடாது. மாற்றி விற்கும் உரிமையால் வரும் பணத்தில் ஒரு பகுதி, சொந்தக்காரரின் பைக்குப் போகுமுன் அந்தக் கட்டடத்தின் மராமத்துக்கே போக வேண்டும். இரண்டாம் தரத்துக்கு ஏற்கெனவே உள்ள விதி, உட்புற மாற்றத்துக்கு இடம் தருவதால், இதில் இயலாதது ஒன்றுமில்லை.

மறுகட்டுமான ஒப்பந்தங்கள் இப்போது பல குடும்பங்களின் மேசைக்கு வந்துகொண்டிருக்கின்றன. வீட்டின் பரப்பு எத்தனை சதுர அடி என்று அனைவரும் பார்க்கிறோம். கீழ்த்தளத்தின் வரைபடத்தையும் ஒருமுறை விரித்துப் பார்த்தல் நன்று. பல வரைபடங்களில் கீழே கார் நிறுத்தும் தளம் இருக்கிறது. கடைகளோ பக்கவாட்டில் ஒதுங்கி, தெருவைப் பாராமல் நிற்கின்றன. பூக்கடைக்காரிக்கும் இலைக்கடைக்காரருக்கும் அங்கே இடமில்லை. ஏனெனில் அவர்கள் பெயரில் வாடகைச் சீட்டே இல்லை, திண்ணையின் ஓரம் மட்டுமே இருந்தது.

பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கும் நீக்குவதற்கும் முன்னால் பொது அறிவிப்பு வரவேண்டும் என்பது விதி. 2012-இல் அவ்வாறு வந்தபோது மாநகராட்சியில் குவிந்தவை பெரும்பாலும் ஆட்சேபங்களே. ஆட்சேபங்களோடு யோசனைகளையும் எழுதி அனுப்பலாம் என்று அந்த விதியிலேயே இருக்கிறது.